அப்பாவின் ரீங்காரம்

ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் ஷிஃப்ட் தொடங்குமுன் இப்போது மூச்சுப் பயிற்சி நடக்கிறது. இன்று எல்லோரும் கண்ணை மூடி "ம்ம்ம்" என்று ரீங்கரித்தபோது, நான் மனதால் மண்ணூரில் எங்கள் பழைய ஓட்டு வீட்டுக்குள் இருந்தேன்.

அப்போது நான் நாலாவது படித்தேன். மூளையில் ரத்தக் குழாய் அடைத்து அப்பாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சியோடு, மனம் அமைதியாக இந்த ரீங்காரத்தையும் சொல்லித்தந்தார்கள். அப்பாவுக்கு இரண்டுமே அவமானமாக இருந்தன. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அம்மா கெஞ்சவில்லை. தைலம் மணக்கும் அவர் பாயிலேயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "நீ செய்யலன்னா போ. எனக்கும்தான் மண்ட கொதிச்சிக்கினு கீது, நான் செஞ்சிக்கிறேன்" என்றாள்.

தினமும் அப்படியே செய்தாள். ஒரு காலையில் அடுப்படியிலிருந்த எனக்கு இரண்டு குரல்கள் கேட்டன. ஓடிப்போய்ப் பார்த்தேன். அப்பாவின் கண்ணில் நீர் வழிந்தது, ரீங்காரம் நிற்கவில்லை. அன்றிலிருந்து பேச்சுப் பயிற்சிக்கும் முரண்டு பிடிக்காமல் உட்கார்ந்தார். மழைக்காலம் வருவதற்குள் என் பெயரைக் குழறலாகச் சொன்னார்.

இன்று உற்பத்தி லைனுக்குப் போகுமுன் வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பாதான் எடுத்தார். "இன்னாம்மா, சாப்ட்டியா?" என்று தொடங்கியவர் நிறுத்தவேயில்லை.

பின்னாலிருந்து அம்மா கத்தினாள்: "போன வைய்யா, புள்ளைக்கு வேல கீது!"