நூஃபாவின் குலவை

மகள் கல்யாணத்தில் நூஃபா குலவை போடுவாளா மாட்டாளா என்பதுதான் அந்த மாதம் முழுக்க எங்கள் பாலைவனக் கூடாரங்களில் பேச்சு. வேறு வேலையில்லாத வாய்கள். நான் அவளுக்கு நாத்தனார் என்பதால் என்னிடமே வந்து கேட்டார்கள். "ஒங்க அடுப்புல பால் பொங்குது, போய்ப் பாருங்க" என்று விரட்டிவிட்டேன்.

அவள் நாக்கு சுழன்றால் அடுத்த மலையில் மேயும் ஆடுகூடத் தலை தூக்கும். என் அண்ணன் சுவைலிம் அந்தக் குலவையைக் கேட்டுத்தான் பெண் கேட்டுப் போனான். முகத்தைப் பிறகுதான் பார்த்தான்.

வெளிநாட்டுக்காரர்களைப் பாறை இடுக்குக்குள் கூட்டிப்போவது அண்ணனின் தொழில். கையை விரித்தால் இரண்டு பக்கமும் சுவர் தட்டும். கிழக்கு மலையில் மழை பெய்தால் போதும், இங்கே வெயில் அடிக்கும்போதே உள்ளே வெள்ளம் பாயும். அதனால் அவன் போகும் நாளெல்லாம் நூஃபா மேலே பாறை விளிம்பில் ஆடுகளோடு உட்கார்ந்து கிழக்கைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கே கறுத்தால் "மேல ஏறு" என்று ஒரு கத்தல். அவனும் ஏறிவிடுவான்.

ஒருநாள் அவள் தம்பிக்குக் கல்யாணம். "இன்னைக்கு இடுக்குப் பக்கமே போகமாட்டேன், நீ சமையலப் பாரு" என்று அண்ணன் சொல்லியிருந்தான். அவளும் நிம்மதியாகச் சோறு கிளறிக்கொண்டிருந்தாள். மதியம் ஒரு வெளிநாட்டுத் தம்பதி வந்து கெஞ்சியதும், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குள் திரும்பிவிடலாம் என்று அவன் கிளம்பியது எங்கள் யாருக்கும் தெரியாது.

அதற்கு முன் இரண்டு வருஷமாக மழை பொய்த்திருந்தது. இடுக்குக்குள் போகும் அந்தக் காய்ந்த ஓடையில் அன்று செந்தண்ணீர் வளைந்து வருவதை முதலில் பார்த்தவள் நூஃபாதான். தண்ணீரைக் கண்டு குலவை போடாத பெண் எங்கள் கூட்டத்தில் உண்டா? போட்டாள். நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

கீழே அது அண்ணன் காதில் விழுந்திருக்கிறது. "நில்லுங்க, இது என் பொண்டாட்டி குரல். மாப்பிள்ளை வந்துட்டாரு போல" என்று சிரித்தானாம். குலவை முடியும்வரை நின்று கேட்டானாம். இரைச்சல் நெருங்கியதும் அந்த வெளிநாட்டுப் பெண்ணை மட்டும்தான் அவனால் ஒரு திட்டில் தூக்கி ஏற்ற முடிந்தது. அவள் புருஷனும் என் அண்ணனும் வெள்ளத்தோடு போய்விட்டார்கள்.

பிழைத்து வந்த அவள் சொன்னதை அப்படியே நூஃபாவிடம் போய் ஒப்பித்த முட்டாளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அன்றோடு குலவை நின்றது. எந்தக் கல்யாணத்திலும் அவள் வாயைத் திறக்கவில்லை.

மகள் வத்ஹாவின் முறை வந்தது. "நீ போடலன்னா நான் கூடாரத்த விட்டு எறங்கமாட்டேன்மா" என்றாள்.

"வாயில எச்சியே ஊறலடி."

"அப்பா நின்னு கேட்டாருல்ல. எனக்கும் வேணும்."

 நூஃபா சரியென்று தலையை ஆட்டினாள்.

கல்யாணத்தன்று மணப்பெண் வெளியே வந்தபோது நாங்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தோம். நூஃபா வாயருகே கையை வைத்துத் தலையை நிமிர்த்தினாள். மூச்சை இழுத்தாள்.

"மேல ஏறு! சுவைலிம், மேல ஏறு!"

நிறுத்தாமல் அதையே கத்தினாள். வத்ஹாதான் மணக்கோலத்தோடு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "ஏறிட்டாரும்மா, அப்பா ஏறிட்டாரு" என்று அவள் காதருகே சொல்லிக்கொண்டே இருந்தாள்.