மாணிக்கவேல் அண்ணனின் உள்ளங்கை

சைலன்சரில் எங்கே காற்று கசிகிறது என்று கண்டுபிடிக்க மாணிக்கவேல் அண்ணன் எந்தக் கருவியும் வைத்துக்கொண்டதில்லை. எஞ்சினைக் கிளப்புவார். பின்னால் புகை வரும் வாயைத் துணியால் அரைகுறையாக அடைத்துவிட்டு, பைப்பின் மூட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோவார். ஊசி முனையளவு ஓட்டையாக இருந்தாலும் கையில் தட்டிவிடும். "இங்க" என்பார். அவ்வளவுதான் பேச்சு. தென்னேரிக்காரர். பிள்ளையார்பாளையத்தில் கடை போட்டு இருபத்தாறு வருஷம் ஆகிறது. எங்கள் தெரு வண்டிகள் எல்லாம் அவர் புண்ணியத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

அவர் முகத்தில் சந்தோஷத்தையோ கோபத்தையோ பார்த்தவர்கள் குறைவு. சக்கரை வியாதி வந்ததைக்கூட, நேற்று மழை பெய்தது என்பதுபோல் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

நான் இளவரசன். தறி நெய்கிறவன். போன மழைக்காலத்தில் என் வண்டியின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. புதுசு வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை நானே மாட்டினேன். அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டு முடிகிறவனுக்கு நாலு போல்ட் ஒரு பெரிய விஷயமா என்கிற திமிர்தான். எஞ்சினும் பைப்பும் சேரும் இடத்தில் ஒரு வளையம் வைக்க வேண்டும். பழையது நசுங்கிப்போயிருந்தது. மறுபடி கடைக்குப் போகச் சோம்பல். தண்ணீர்க் குழாய் மூட்டுக்கு நூல் சுற்றுவார்களே, அந்த ஞாபகத்தில் தறிக்கடியில் கிடந்த கழிவுப் பட்டு நூலை எடுத்து, முறுக்கிச் சுற்றி, இறுக்கிவிட்டேன். அப்போது என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காந்தி ரோட்டில் புடவைக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினால், முடி பொசுங்கும் நாற்றம். பட்டு எரிந்தால் அப்படித்தான் நாறும். அசல் பட்டா என்று பார்க்க நூலைக் கொளுத்தி மோந்து பார்க்கிற ஊர் இது, எனக்குத் தெரியாதா என்ன! கடை வாட்ச்மேன், "இன்னாபா, பொடவைய கொளுத்திக்கினு வர்றியா?" என்று கேட்டான். போதாக்குறைக்கு ஆக்சிலேட்டரை விட்டால் டப்டப்பென்று வெடி. மானம் போயிற்று. நேராக மாணிக்கவேல் அண்ணன் கடைக்கு வந்தேன்.

பைப் ஆறும்வரை காத்திருந்து கழற்றினார். உள்ளே கரியாக ஒட்டியிருந்ததை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுத்துக் காட்டினார்.

"இது இன்னாபா?"

"பட்டுண்ணே."

"ஜரிகையும் சேத்து சுத்தியிருக்கலாமே" என்றார். சிரிக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் தெருவையே கூட்டியிருப்பார்கள்.

சுத்தம் செய்து, புது வளையம் வைத்து, போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கினார். வண்டியைக் கிளப்பி, பின்னால் துணியை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, வலது உள்ளங்கையை மூட்டருகே கொண்டுபோனார். வழக்கமாக அரை நிமிஷத்தில் முடிகிற காரியம். அன்றைக்கு அப்படியே குந்தியிருந்தார். எனக்குத் துணியைப் பிடித்துப் பிடித்துக் கை சுட்டது. மறுபடியும் அதே நாற்றம் வந்தது.

"அண்ணே, இன்னும் பட்டு ஒட்டிக்கினு இருக்குது போல."

"சுத்தமா எடுத்துட்டேன்பா."

நாற்றம் அதிகமானது. எட்டிப் பார்த்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே, அவருடைய உள்ளங்கையின் விளிம்பு பைப்பின் மேலேயே படிந்திருந்தது. அவரோ மூட்டுப் பக்கமே பார்த்தபடி, காற்று கையில் தட்டுமா என்று காத்துக்கொண்டிருந்தார்.

கத்திக்கொண்டே அவர் கையைப் பிடித்து இழுத்தேன். தோல் பைப்போடு போயிற்று. அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். "ஓ" என்றார்.

குழாயடிக்கு இழுத்துப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

"வலிக்கலியாண்ணே?"

"இல்ல. சக்கரைபா. மொதல்ல கால்ல போச்சு, செருப்பு கழண்டு வுழுந்தாகூட தெரியாது. கை ரெண்டு வருஷமா கொஞ்சங்கொஞ்சமா மரத்துக்கினே வருது."

"அப்ப எப்டி வேல செய்றீங்க?"

"கண்ணால பாத்து. நட்டு டைட்டாச்சான்னு கைக்குத் தெரியல. ஒரு சுத்து சேத்துத் திருகிடுறேன்." பிறகு, "யார்கிட்டயும் சொல்லாத. தெரிஞ்சா வண்டி வராது" என்றார்.

கெஞ்சவில்லை. போல்ட் சைஸ் சொல்கிற குரலில்தான் சொன்னார். அழுதிருந்தால்கூடத் தேவலை என்று எனக்கு இருந்தது. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு, கடையில் விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, வீட்டில்கூட. ஆனால் அன்றைக்குத் திரும்பும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் ப்ரேக்கை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். போன சர்வீஸில் அதை மாட்டியவர் அவர்தான்.

மூன்று மாதம் கழித்துப் பின் ப்ரேக் கத்த ஆரம்பித்தது. என் மகள் கீர்த்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்றிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறொரு மெக்கானிக்கைத் தேடிக் கிளம்பினேன். அண்ணன் கடையைத் தவிர்க்க ஒரு சந்து உண்டு. சந்தில் எவனோ வீடு கட்ட மணலைக் கொட்டி வைத்திருந்தான். வேறு வழியில்லாமல் கடை வழியாகவே போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

குனிந்து சைலன்சரில் காது கொடுத்தார். "லீக் இல்ல" என்றார். பிறகு பின் சக்கரத்தைப் பார்த்தார்.

"ப்ரேக் கத்துதே."

"ஆமாண்ணே." என்ன பொய் சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் கீர்த்தியைப் பார்த்தார். அவள் புத்தகப் பையோடு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வேற எடத்துல குடுத்துடுபா. நான் இனிமே ப்ரேக் வேல எடுக்கல."

அந்த நிமிஷம்தான் முடிவெடுத்திருக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு வண்டி, ப்ரேக் வேலைக்காகச் சக்கரம் கழற்றிய நிலையில் நின்றிருந்தது. அதன் சொந்தக்காரரையும் அன்றே கூப்பிட்டு, எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டாராம். இப்போது பஞ்சரும் சைலன்சரும் மட்டும்தான். லீக் பார்க்கச் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறார். கடை பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது.

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைத்தால் இதை எழுதியே பிரயோஜனமில்லை. "ஏண்ணே அப்டி சொல்றீங்க?" என்று ஒரு வார்த்தை, பொய்யாகவாவது கேட்டிருக்கலாம். "சரிண்ணே" என்றேன். அவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டேன்.