மாப்பிள்ளைக்குக் கறுப்பு வாட்ச்

தங்கைக்கு முகூர்த்த நாள் குறித்த அன்றே, மாப்பிள்ளைக்குக் கட்டும் வாட்ச் என் பொறுப்பு என்று அப்பா சொல்லிவிட்டார். எங்கள் வழக்கப்படி மணமேடையில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, மோதிரம் போட்டு, வாட்ச் கட்ட வேண்டியவன் பெண்ணோடு பிறந்தவன். மோதிரத்தை அப்பா பார்த்துக்கொண்டார். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு வேலை கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் ரசனையில் என்னை மிஞ்ச வீட்டில் ஆள் இல்லை என்ற கொழுப்பு மட்டும் எக்கச்சக்கமாக இருந்தது.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். ஊரே அப்போது பொத்தானை அமுக்கினால் எண் தெரியும் வாட்ச்சுக்கு அலைந்துகொண்டிருந்தது. அதைக் கட்டிக்கொண்டு ஆபீஸ் போனால் மாப்பிள்ளையை எவன் மதிப்பான் என்று நானாக முடிவு செய்தேன். கடைக்காரர் தட்டுத் தட்டாக எடுத்து வைத்தார். பிடித்தது கைக்கு எட்டவில்லை, எட்டியது பிடிக்கவில்லை. ஒரு மணி நேரம் அவர் உயிரை வாங்கியிருப்பேன். கடைசியில் குனிந்து, கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார்.

"அந்தக் காலத்து மாடல் தம்பி. உள்ள இருக்கது புது மெஷின். பார்த்தா ஜமீன்தார் வீட்டுச் சாமான் மாதிரி இருக்கும். விலை நம்மள மாதிரி ஆளுக்குத்தான்."

சதுர முகம், சுற்றிலும் தங்க முலாம், ரோமன் எண்கள். கறுப்பு டயலில் அந்த எண்கள் பொன்னாக மின்னின. வாரும் கறுப்புத் தோல். பார்த்ததுமே விழுந்துவிட்டேன். யாருக்கு என்று அவர் கேட்டிருந்தால் தடுத்திருப்பார். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கல்யாண நாளில் பார்க்கட்டும் என்று வீட்டிலும் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன்.

மண்டபத்தில், முகூர்த்தத்துக்கு அரை மணி இருக்கும்போது, தாம்பாளத்தில் வைப்பதற்காக அம்மா பெட்டியைத் திறந்தாள். பார்த்தாள். உடனே மூடி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ஏன்டா, உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? நல்ல காரியத்துக்குக் கறுப்பையா எடுப்பாக?"

கல்யாணப் புடவையில் கறுப்பு நூல்கூட இருக்கக் கூடாது என்று கடை கடையாக ஏறி இறங்கிய குடும்பம் எங்களுடையது. வாட்ச்சுக்கும் அது உண்டு என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை. கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். வாரை மாற்றினாலும் டயலை என்ன செய்வது? மாப்பிள்ளையின் அம்மா சாஸ்திரம் பார்க்கிறவர். வரும் வழியில் பூனை குறுக்கே போனதென்று நிச்சயதார்த்தத்துக்கே தாமதமாக வந்தவர். அவர் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் தங்கையின் கதி என்ன?

அம்மா மஞ்சளைக் குழைத்து வாரின் இரண்டு நுனியிலும் தடவினாள். "சாமிய நெனச்சுக் கட்டு" என்றாள்.

மேடையில் நான் இரண்டு முறை இழுத்தும் கொக்கி மாட்டவே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா இரண்டடி தள்ளி நின்று என் கையையே பார்த்தார். மாப்பிள்ளை தானே கொக்கியை இழுத்து மாட்டிக்கொண்டு, "நல்லாருக்கு மச்சான்" என்று சிரித்தார். அவர் அம்மா வாயே திறக்கவில்லை. கெட்டிமேளம் கொட்டியது. தப்பித்தோம் என்று நான் விட்ட மூச்சு முன்வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆடி பிறப்பதற்கு முந்தைய நாள் தங்கையை அழைத்துவர, சீர்த் தட்டோடு திருநகரில் அவள் மாமியார் வீட்டுக்குப் போனேன். புதுப்பெண்ணை ஆடி மாதத்துக்குப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொள்வது ஊர் வழக்கம்தானே. மாப்பிள்ளை வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். ஸ்கூட்டரிலிருந்து விழுந்துவிட்டாராம். எங்களுக்கு ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று கேட்டேன். அவர் தன் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா எனக்குக் காபி கொடுத்து, தங்கைக்குக் குங்குமம் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. தங்கையின் டிரங்குப் பெட்டிதான் தூக்க முடியாத கனம். ஒரு மாதத்துக்கு இம்புட்டுத் துணியா என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

பஸ் பழங்காநத்தம் தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, விழுந்தப்ப அவுக கையில அந்த வாட்ச்தான் இருந்துச்சு. அத்தையே கழட்டுனாக. கல்யாணத்தன்னிக்கே தெரியும், பிறந்த வீட்டுலருந்தே பீடை வந்திருக்குன்னாக."

"வாட்ச்சையா சொன்னாக?"

"என்னையத்தான்."

அவளுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டேன்.

"அவுக ஒண்ணும் சொல்லல. துணி அடுக்க பெட்டிய எடுத்துக் குடுத்தாக."

ஆடிக்கு நான் அவளை அழைத்து வருகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் அனுப்பி வைத்திருந்தார்கள்.