ஸ்கேனில் புள்ளி தெரிந்த நாள்

என் கணவருக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்ததும், பிழைத்தோம் என்றுதான் நினைத்தோம். தாம்பரத்தில் எங்கள் சபையில் எல்லோருக்கும் கேசரி கொடுத்து நன்றி செலுத்தினோம். ஆனால் போன வருடம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில், பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையின் அளவு மறுபடியும் ஏற ஆரம்பித்தது. புரோஸ்டேட் சுரப்பியையே எடுத்துவிட்ட உடம்பில் அது ஏறக் கூடாது. ஏறினால் நோய் எங்கோ மிச்சமிருக்கிறது என்று அர்த்தம்.

எங்கே? அதுதான் தெரியவில்லை. சி.டி. எடுத்தார்கள், எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டிலும் ஒன்றுமில்லை. நான் சந்தோஷப்பட்டேன். "லேப்புலதாங்க ஏதோ தப்பு" என்றேன். அவர் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வேளச்சேரிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் அவர். வழியெல்லாம் பேசிக்கொண்டே போவார். இப்போது வாய் அடைத்துப் போனது. சோறு வைத்தால் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவார். ஜெபக்கூட்டத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். நான் மட்டும் போய் அழுதுவிட்டு வருவேன். அளவு ஏறிக்கொண்டே இருந்தது.

டாக்டர் கடைசியில் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் எழுதினார். "ஊசியில ஒரு மருந்து போடுவோம்மா. அது கேன்சர் செல்லைத் தேடிப் போய் ஒட்டிக்கும். ஒட்டின இடம் படத்துல பளிச்சுன்னு தெரியும்."

அவரை உள்ளே அழைத்துக்கொண்டு போனதும் எனக்கு ஒரே ஜெபம்தான். ஆண்டவரே, ஒன்றும் தெரியக் கூடாது.

ஊசி மருந்தில் கதிர்வீச்சு இருப்பதால், அன்று கர்ப்பிணிகள் பக்கத்தில் போக வேண்டாம் என்றார்கள். எங்கள் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அப்பா, சாப்டியாப்பா?" என்று அவள் வெளியே நின்று கேட்டாள்.

"சாப்டேம்மா. நீ கிட்ட வராத."

அந்தக் குரலைக் கேட்டு நான் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ரிப்போர்ட் வாங்கப் போனோம். புள்ளி தெரிந்தது. இடுப்புக்குள் ஒரு நிணநீர் முடிச்சில், சின்னதாக. ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். "இவ்ளோ ஜெபம் பண்ணேனே! ஆண்டவருக்குக் காதே கேக்கலியா?" என்று கத்தினேன்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் வேற மாதிரி கேட்டேன் ஸ்டெல்லா. தெரியட்டும்னு கேட்டேன். டெய்லி வண்டில தனியா உக்காந்துகினு அதத்தான் கேட்டுகினு இருந்தேன். எங்க கீதுன்னே தெரியாம எத்தினி நாளு பயந்துகினு இருக்கறது?"

ஜெபத்தையே விட்டுவிட்டார் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்!

அந்த இடத்தைக் குறிவைத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஹார்மோன் ஊசி இன்னும் நடக்கிறது. அதனால் அவருக்குத் திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வேர்த்துவிடுகிறது. முன்பு போல் நாள் முழுக்க வண்டி ஓட்ட முடியவில்லை. ஆனால் அளவு இறங்கிவிட்டது.

"இனிமே வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன். இப்போதைக்கு அடங்கியிருக்கு" என்றார் டாக்டர். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கு முன்பும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. மறைக்க மாட்டேன்.

ஆனாலும் நன்றி சொல்கிறேன். என் ஜெபத்தைத் தள்ளி, அவர் ஜெபத்தைக் கேட்ட ஆண்டவருக்கு நன்றி. என் ஜெபம் கேட்கப்பட்டிருந்தால், நோய் ஒளிந்தபடியே பரவி, ஒரு நாள் நான் விதவை ஆகியிருக்கலாம். கெட்டது கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று நான் இப்போதெல்லாம் கேட்பதில்லை. பார்க்கப் பெலன் தாரும் என்று கேட்கிறேன்.

பிரியமானவர்களே, பரிசோதனைக்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்களா? பயந்துகொண்டே போங்கள். ஆண்டவர் கூட வருவார்.