குடிக்கலாம், சமைக்கலாம், குளிக்கலாம், கழுவலாம்

என் கணவர் டேனியல் மனைத் தரகர். ஆம்பூரில் தரகர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவரைத் தேடி வருகிறவர்கள் பத்திரம் பார்க்கச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். தண்ணீர் பார்க்கச் சொல்வார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு தெருவில் போர்த் தண்ணீர் நன்றாக இருக்கும், அடுத்த தெருவில் வாயில் வைக்க முடியாது. பல வருடத் தோல் கழிவு பூமிக்குள் எந்த வழியாகப் போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வில்லங்கச் சான்றிதழில் அது வராது. அதனால் மனை வாங்குகிறவர்கள் அவரைக் கூட்டிப் போனார்கள். மோட்டாரைக் கால்மணி நேரம் ஓடவிடச் சொல்வார். வண்டிப் பெட்டியிலிருந்து தன் எவர்சில்வர் டம்ளரை எடுத்துப் பிடித்து, ஒரு வாய் உருட்டித் துப்புவார். கொஞ்சம் நின்று இன்னொரு வாய். பிறகு நான்கு வார்த்தைகளில் ஒன்றைச் சொல்வார். குடிக்கலாம். சமைக்கலாம். குளிக்கலாம். கழுவலாம். அந்த ஒரு வார்த்தையில் சதுர அடிக்கு இருநூறு, முந்நூறு ஏறும், இறங்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருடம் ஒரு தோல் ஷெட்டில் ஊறல் தொட்டியில் வேலை பார்த்தவர். உப்புப் போட்டு வந்த தோலை எத்தனை தண்ணீர் மாற்றி அலசினால் உப்பு விடும் என்பதை அங்கே விரலை நக்கித்தான் பார்த்தார்களாம். அந்தப் பழக்கம்தான்.

இளைய தரகர் ஒருவன் அவரை எப்போதும் சீண்டுவான். "முந்நூறு ரூபாய்க்கு மீட்டர் விக்குதுண்ணே. உள்ள விட்டா நம்பர் காட்டுது. உங்க நாக்குக்கு இனிமே இன்னா வேலை?"

"மீட்டர் எவ்ளோ உப்புன்னு சொல்லும்டா. இன்னா உப்புன்னு சொல்லுமா?"

அதற்கு ஒரு கதை உண்டு. வங்கி கடனுக்காகப் பிடித்து ஏலம் விடும் வீடுகளில் கரண்ட் இருக்காது, மோட்டார் ஓடாது. ஏலம் எடுக்க நினைப்பவர்கள் வீட்டைப் பார்க்க வங்கி ஒரு நாள் குறிக்கும். அன்றைக்கு அவர் பக்கத்து வீட்டில் போய் தாகம் என்று தண்ணீர் கேட்பார். ஒரு முறை அந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்கே ஏல வீட்டின் மேல் கண். அடிவிலைக்கு எடுக்க நினைத்து, சொம்பில் உப்பைக் கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். இவர் ஒரு வாய் வைத்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். "தண்ணி நல்லா இருக்கும்மா. உப்பு மட்டும் கடைல வாங்குனது." ஆம்பூர் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

கல்யாணமான புதிதில் அமிர்திக்குப் போயிருந்தோம். அருவியில் கை வைத்து அள்ளி வாயில் ஊற்றிக்கொண்டார். நான் துப்புவார் என்று பார்த்தேன். விழுங்கினார். "இது எந்தக் கணக்கு?" என்று கேட்டேன். "இதுக்கு நான் இன்னும் பேர் வெக்கல" என்றார்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று ஜூனில் அவருக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. பதினான்கு நாளில் சரியானது. ஜூலையில் ஒரு நாள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். அவர் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டார். பிறகுதான் நான் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தேன். எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்து வந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார்.

"வயசாகுதில்ல. உப்பு கம்மி பண்ணிக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

நான் சரி என்றேன்.

அடுத்த சனிக்கிழமை, "பள்ளிக்கூடம் லீவுதான? சும்மா இன்னா பண்ணப் போற, வண்டில ஏறு" என்றார். நான் ஒரு மெட்ரிக் பள்ளியில் டீச்சர். இருபது வருடத்தில் மனை பார்க்க என்னைக் கூப்பிட்டதில்லை. போனேன். அவர் எப்போதும் போல உருட்டித் துப்பினார். பிறகு டம்ளரை என்னிடம் நீட்டினார். "வெயிலா இருக்கு, நீயும் ஒரு வாய் குடி."

குடித்தேன். "லேசா கரிக்குதுங்க" என்றேன்.

அவர் வானத்தைப் பார்த்துக் கொஞ்சம் நின்றார். வாங்க வந்தவரிடம் திரும்பி, "குளிக்கலாம்" என்றார்.

அப்படியே இரண்டு வருடம் போனது. சனி, ஞாயிறில் மட்டும் தண்ணீர் பார்ப்பதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தது மூன்று: நன்றாக இருக்கிறது, கரிக்கிறது, வாயில் வைக்க முடியவில்லை. என் மூன்றை அவர் தன் நான்காக்கிச் சொல்வார். முப்பது வீடு இருக்கும். அவர் என்னிடம் எதையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அவர் வண்டியை எடுக்க மாட்டார் என்று நினைத்தேன்.

ரஃபி அகமதுவின் வீடு ஏலத்துக்கு வந்தது இரண்டாயிரத்து இருபத்து மூன்று செப்டம்பரில். ரஃபி அகமது ஷூ கம்பெனிகளுக்கு மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருந்தவர். ஆர்டர் நின்று, கடன் தவணை நின்று, பைபாஸுக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்த வீட்டை வங்கி பூட்டியது. வங்கி வைத்த குறைந்தபட்ச விலை கடனுக்குச் சரியாக இருந்தது. அதற்கு மேல் ஏலம் போகிற பணம் அவருக்கு வரும். அதில் தையல் மெஷின்களை மீட்டு மறுபடி ஆரம்பிக்கலாம் என்று அவர் இருந்தார். வீடு நல்ல வீடு. ஏறும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

பார்க்க வேண்டிய நாள் புதன்கிழமை என்று வங்கி குறித்துவிட்டது. எங்கள் பள்ளியில் காலாண்டுத் தேர்வு.

காலையில் நான் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாசல் கதவில் சாய்ந்து நின்றார். "மெர்சி, இன்னிக்கு லீவு போடேன்."

"எதுக்கு?"

எதுக்கு என்று எனக்குத் தெரியும். அவர் வாயால் சொல்லட்டும் என்று கேட்டேன். இரண்டு வருடம் போதும் என்று அன்றைக்குத் தோன்றியது.

"சும்மாதான்" என்றார்.

"சும்மால்லாம் லீவு குடுக்க மாட்டாங்க." நான் பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

அங்கே நடந்தது அவரே அன்று மாலை சொன்னது. வாங்க நினைத்து வந்தவர்கள் நான்கு பேர். மூன்று பேர் கையில் பணம் உள்ளவர்கள். நான்காவது ஷஹீன் பானு, ஷூ கம்பெனியில் பதினெட்டு வருடம் தைத்தவர், கணவர் இல்லை. பி.எஃப். பணமும் தம்பி கொடுத்ததும் சேர்த்துக் குறைந்தபட்ச விலைக்கு மேல் பத்தாயிரம்தான் தாங்கும். நான்கு பேரையும் கேட்டில் நிறுத்திவிட்டு இவர் பக்கத்து வீட்டில் போய் ஒரு சொம்பு வாங்கியிருக்கிறார். கேன் தண்ணீரா, போர்த் தண்ணீரா, உப்பு கலந்ததா, எதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்று திரும்பி வந்து சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை அவர் தொழிலில் அதுவரை இல்லை.

"கழுவலாம்" என்று சொல்லிவிட்டார்.

"ஜாஸ்தியா சொல்லி ஒருத்தர் ஏமாந்துபோறதுக்கு கம்மியா சொல்றது மேல் இல்ல? கம்மியா சொன்னா யாருக்கு இன்னா நஷ்டம்?" என்று என்னிடம் கேட்டார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். யாருக்கும் இல்லை என்றேன். இருவருக்கும் ரஃபி அகமது ஞாபகம் வரவில்லை.

மூன்று பேர் ஒதுங்கிக்கொண்டார்கள். ஷஹீன் பானு மட்டும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஆன்லைனில் ஏலம் கேட்டார். எதிரில் ஆள் இல்லை. பத்தாயிரம் கூடுதலில் வீடு முடிந்தது.

ஜனவரியில் குடிபுகுந்தார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். பாத்தியா ஓதி முடித்து எல்லோருக்கும் தண்ணீர் வந்தது. மோட்டார் போட்டுப் பிடித்த தண்ணீர். நான் ஒரு வாய் குடித்தேன். நன்றாக இருந்தது. நான் பார்த்த முப்பதிலும் அப்படி ஒன்று இல்லை. திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் டம்ளரைச் சாய்த்து முழுவதும் விழுங்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். அதில் தெரிந்துகொண்டார்.

ஷஹீன் பானுவின் தம்பி வாஹித் பாஷா உற்சாகமான ஆள். "டேனியல் அண்ணே! இதத்தான் கழுவலாம்னீங்களா? எங்க அக்காவுக்காக நாக்க கொஞ்சம் வளச்சிட்டீங்க போல! நாலு பேர் இருந்தா எங்களால எடுத்திருக்க முடியுமா? சுக்ரியாண்ணே!"

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். பிரியாணி நன்றாக இருக்கிறது என்று ஷஹீன் பானுவிடம் சொன்னார்.

நன்றியாகச் சொன்னதுதான். ஒரு மாதத்தில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. டேனியல் காசு வாங்கிக்கொண்டு சொன்னான் என்று ஆனது. ஒரு சனிக்கிழமை பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ரஃபி அகமது ரோட்டைக் கடந்து வந்தார். சத்தம் போடவில்லை.

"எவ்ளோ வாங்குனீங்கண்ணே?"

இவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சும்மா தெரிஞ்சிக்கலாம்னுதான் கேக்கறேன். அஞ்சு லட்சமாவது மேல போயிருக்கும். அதுல உங்களுக்கு எவ்ளோ?"

"பாய்..." என்றார் இவர். சுற்றியிருந்தவர்கள் பார்த்தார்கள். ரஃபி அகமது கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

வண்டியில் வரும்போது, "சொல்லிருக்கலாம்ல?" என்றேன். அதுதான் நான் முதல் முறை அதைப் பற்றிப் பேசியது.

அவர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டினார். பிறகு, "சொன்னா முப்பது வீட்டுக்காரன் வருவான், மெர்சி. இத யார் பாத்ததுன்னு கேப்பான். உன்னத்தான் நிக்க வெப்பாங்க" என்றார்.

அதன் பிறகு அவரை யாரும் தண்ணீர் பார்க்கக் கூப்பிடவில்லை. வாடகை வீடு பிடித்துக் கொடுத்தார். சீண்டிக்கொண்டிருந்த இளைய தரகன் மரியாதையாக வணக்கம் வைத்தான். அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது என்று நினைக்கிறேன். நவம்பரில் ஒரு காலை, ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. மாரடைப்பு என்றார்கள். ஐம்பத்து மூன்று வயது.

அடக்கம் முடிந்த பதினோராம் நாள் ரஃபி அகமது வந்தார். செருப்பை வெளியே ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"ஊர்ல இல்ல டீச்சர். நேத்துதான் கேள்விப்பட்டேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. அன்னிக்கு ரோட்டுல கேட்டது தப்பு."

நான் அழவில்லை. அந்தப் பதினோரு நாளும் அழுகை வரவில்லை. அவர் எப்படிப் போனார் என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி, பாடம் நடத்துவது போல் ஆகியிருந்தது. அதே குரலில் இதையும் சொன்னேன்.

"அவருக்கு ருசி தெரியாது பாய். காய்ச்சல் வந்ததிலருந்து. உப்பு, சர்க்கரை எதுவும் தெரியாது. நான்தான் குடிச்சுப் பாத்து சொல்லுவேன். அன்னிக்கு நான் போகல."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப காசு வாங்கலியா?"

"இல்ல."

"ஒரு ரூபா கூட?"

"இல்ல பாய்."

அவர் கையால் முகத்தைத் துடைத்தார். சுவரில் டேனியல் படம் இருந்தது. அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"வாங்குனார்னு நெனச்சிட்டு இருந்தேன் டீச்சர். அப்ப திட்டறதுக்கு ஒரு ஆளாவது இருந்துச்சு."

நான் டீ போட எழுந்தேன். வேண்டாம் என்றார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"நான் வெளிய சொல்லட்டுமா? அவர் பேருக்காக. ஆனா சொன்னா உங்களத் தேடி வருவாங்க. பேஜாரு."

எட்டு மாதம் டேனியல் வாயை மூடிக்கொண்டிருந்தது எதற்காக என்று எனக்குத் தெரியும். அது எனக்காக. இனி அதற்கு அவசியம் இல்லை.

"சொல்லுங்க" என்றேன்.

சொல்லிவிட்டார். மறுவாரத்திலிருந்து போன் வருகிறது. சிலர் அவர் இறந்ததற்கு வருத்தம் சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்கிறார்கள். சிலர் நேராகவே. "எங்க வீட்ட பாத்தது நீங்களா, அவரா?" எந்த வருஷம் வாங்கினீர்கள் என்று கேட்கிறேன். இருபத்தொன்று ஜூனுக்கு முன்னால் என்றால் அவர் என்கிறேன். பின்னால் என்றால் நான் என்கிறேன். இரண்டு பேர் வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். ஒருவருக்குத் தண்ணீர் உண்மையிலேயே மோசம். போய்ப் பார்த்தேன். கரித்தது. மன்னிப்புக் கேட்டேன்.

நேற்று பேசியவர் பெயர் சொல்லவில்லை. வீடு வாங்கியது இருபத்திரண்டு மார்ச்சாம். நான்தான் பார்த்தேன் என்றேன். நான் காத்திருந்தேன்.

"அவரு சமைக்கலாம்னாரு" என்றார். "நாங்க குடிக்கவே குடிக்கறோம்."

"சரிங்க" என்றேன்.