வாகனம் இல்லாத ராணி

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு இத்தாலியில், கபோ சந்தையில் சொந்தக் கடை வைத்திருக்கிறேன். இத்தாலியரே மிளகாய்த்தூளுக்கு வரிசையில் நிற்கிறார்கள். ஒரு பேராசிரியரை வாயடைக்க வைத்ததும் இதே அஞ்சாம் வகுப்புத்தான். அதைச் சொல்லாமல் விட மாட்டேன்.

அப்போது வியா மக்வேதா தெருவில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் துப்புரவு வேலை. நடைவழியில் கண்ணாடி போட்ட நாலு பழைய அச்சுப் படங்கள், நாலு பெண்கள். ஒருத்தி ஒட்டகத்தில், கையில் தூபக்கால். ஒருத்தி முதலையில். உடுப்பில்லாத ஒருத்தி கோடரியோடு, செதில் மூடிய ஏதோ ஒரு விலங்கில். நாலாமவள் முடியும் செங்கோலுமாக ஒரு உருண்டையில் இருந்தாள். வாகனம் இருந்தால் அம்மன்தானே? வெள்ளிக்கிழமைகளில் தூசு துடைத்தபின் மூன்று பேருக்கும் கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைப்பேன். உருண்டைக்காரிக்கு வெறும் துணிதான்.

சிஞ்ஞோராவின் தம்பிதான் அந்தப் பேராசிரியர். ஒருநாள் பொட்டுகளைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"சாமி இல்லையப்பா, கண்டங்கள்! ஒட்டகக்காரி உங்கள் ஆசியா. முதலைக்காரி ஆபிரிக்கா. உடுப்பில்லாதவள் அமெரிக்கா. முடி வைத்தவள்தான் ஐரோப்பா, ராணி. ராணியை விட்டுவிட்டு வேலைக்காரிகளுக்கா பூசை? துடை!"

"துடைக்க மாட்டேன்."

அந்தக் கிழமைதான் நான் பேர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். வேலைப் பத்திரத்தில் சிஞ்ஞோரா கையெழுத்து வைக்காவிட்டால் இந்த நாட்டில் இருக்க அனுமதி இல்லை. வீட்டில் மனைவி பொரிந்தாள்.

"பொட்டைத் துடைச்சா உங்கடை கை தேஞ்சு போகுமே?"

"தேயாது. ஆனா துடைக்க மாட்டன்."

"ஓம், நான் பெட்டியைக் கட்டுறன். முதலையிலை ஏறி ஊருக்குப் போவம்."

அடுத்த வெள்ளி சந்தனக் கிண்ணத்தோடு போனேன். கண்ணாடிகளை யாரோ துடைத்திருந்தார்கள். அக்காவும் தம்பியும் நடைவழியில் நின்றார்கள். அவர்கள் பார்க்கப் பார்க்க மூன்று பொட்டையும் திரும்ப வைத்தேன்.

"ராணிக்கும் ஒன்று வையேன், சண்டை தீரும்," என்றார் சிஞ்ஞோரா.

"வாகனத்தோடு வரச் சொல்லுங்கோ, வைக்கிறேன். இவர்கள் மூன்று பேரும் விலங்கை அடக்கி ஏறியிருக்கிறார்கள். இவ சும்மா உருண்டையில் குந்தி இருக்கிறா."

பேராசிரியர் படத்துக்குக் கிட்டப் போய் உருண்டையைக் குனிந்து பார்த்தார். சிஞ்ஞோராவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்தபடியே பத்திரத்தில் கையெழுத்து வைத்து நீட்டினார். வாங்கியபோது என் விரலில் இருந்த சந்தனம் அதன் ஓரத்தில் ஒட்டிவிட்டது.

அனுமதி கொடுக்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் பத்திரத்தைப் பார்த்த அலுவலர், "கறையாக இருக்கிறதே, துடைத்துத் தாரும்," என்றார்.

நான் துடைக்கவில்லை. அப்படியே வாங்கினார்.