மூச்சிரைத்த மடிக்கணினி

2025 மார்ச் 11, செவ்வாய், மாலை மணி 6.20, இடியுடன் மழை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டில், இறந்துபோன என் மனைவியின் படத்தருகே அவளுடைய மடிக்கணினி கொதித்தது. அவள் பேசும் ஒரே காணொளி அதில்தான் இருந்தது, அது ஓடாமல் உறைந்து நின்றது. கணினிக்குள் இருந்த விசிறி மட்டும் ஏறி இறங்கி இரைத்தது. எண்ணினேன்: நிமிடத்துக்கு முப்பத்திரண்டு. ஆஸ்துமாவில் அவள் கடைசியாக இழுத்த மூச்சும் அதே கணக்குதான்.

மறுநாள் பழுதுபார்க்கும் கடைக்காரர் கணினியைத் திறந்தார். உள்ளே கறுப்பாகப் பிசுக்கு.

"அங்கிள், இது பக்கத்துல சாம்பிராணி போடுறீங்களா? மூச்சே அடைச்சிருச்சு லா!"

"தினமும் அவ படத்துக்குப் போடுறேன்."

"புகை வேணாங்க, நெஞ்சு அடைக்குது" என்று அவள் முப்பத்தொரு வருடம் கெஞ்சினாள். நான் கேட்கவில்லை.

அன்று மாலை சாம்பிராணி போடவில்லை. காணொளியில் அவள் தடையில்லாமல் பேசினாள். விசிறியைச் சுத்தம் செய்ததற்கு ஆன செலவு நாற்பத்தைந்து ரிங்கிட்.